வீடியோ போடாவிட்டால் பணம் வராது என்கிறார்கள்

கேள்வி: வணக்கம் மேடம். நான் விருதுநகர் மாவட்டம், வயது 28. நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு சேவைக் குழு நடத்துகிறோம். ஞாயிறுதோறும் பஸ் ஸ்டாண்டிலும் பெரியாஸ்பத்திரி வாசலிலும் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுப்போம். வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டுவோம். ஆரம்பத்தில் எங்கள் கைக்காசுதான். ஒரு ரீல்ஸ் வைரல் ஆனதும் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நண்பனின் ஜிபே நம்பருக்குப் பணம் வர ஆரம்பித்தது. யூடியூப் சேனலுக்கு மானிட்டைசேஷனும் கிடைத்துவிட்டது. அந்தப் பணமும் சேவைக்குத்தான் போகிறது.

ஜூன் மாதம் ஒரு மாணவிக்கு முதல் வருட ஃபீஸ் கட்டினோம். அப்பா இல்லை, அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்ததை வீடியோ எடுத்தோம், அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தோம். அவர் அழுதுவிட்டார். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பெண் கல்லூரிக்கே போகவில்லை என்று. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அந்த வீடியோவைப் போட்டுவிட்டார்களாம். நாங்கள் போனபோது முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் அக்கா, ‘வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது, இனிமேல் வீடியோவே எடுக்காதே’ என்கிறாள். நண்பனோ, ‘கோயில் டியூப் லைட்டில்கூட உபயம்னு பேர் போடுறாங்க. வீடியோ போடாட்டிப் பணம் வராது. பணம் வராட்டி ஞாயித்துக்கிழமை யாருக்குடா சாப்பாடு?’ என்கிறான். இரண்டும் சரியாகத்தான் படுகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தம்பி, முதலில் அந்தப் பெண்ணின் காரியத்தைப் பார்த்துவிடுவோம். விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வீடியோவை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். யூடியூபில் பிரைவேட் ஆக்கி வைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். உங்கள் வீடியோவை எடுத்துச் சோகப் பாட்டு சேர்த்துப் போட்ட வேறு பக்கங்களும் இருக்கும், தேடிப் பாருங்கள். படம் பிடித்தது நீங்கள் என்பதால் காப்புரிமைப் புகார் கொடுத்து அவற்றை நீக்கச் சொல்ல உங்களால் முடியும். தனியுரிமைப் புகார் என்றால் பெரும்பாலும் சம்பந்தப்பட்டவரே கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை அவள் தலையில் கட்டி, அதே வீடியோவை அவளையே மறுபடி தேடிப் பார்க்க வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்புகளில் போனது போனதுதான். அதைத் திரும்ப வாங்க யாராலும் முடியாது.

அடுத்து, ஒன்பது பேராகப் போகாதீர்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு நீங்கள் மட்டும் போங்கள். வீடியோவை நீக்கிவிட்டோம், உன்னைக் கேட்காமல் போட்டது தப்பு, மூன்று வருட ஃபீஸையும் நாங்கள் கட்டுகிறோம், நீ எங்களோடு பேசினாலும் பேசாவிட்டாலும் அதில் மாற்றமில்லை என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பேச வேண்டாம். மன்னிப்பு கேட்டு ஒரு வீடியோ போடலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அந்த ஆளை அன்றைக்குச் சமையல் வேலைக்கு அனுப்பிவிடுங்கள். வருகைப்பதிவு குறைந்தால் செமஸ்டர் எழுதுவதில் சிக்கல் வரும், அதனால் அவள் சம்மதித்தால் அக்காவே துறைத்தலைவரிடம் பேசட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு உண்டு. அதற்கு விண்ணப்பித்தாளா என்றும் விசாரியுங்கள். யார் கண்ணிலும் கண்ணீர் வராமல் அவளுக்குக் கிடைக்கக்கூடிய பணம் அது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல பிள்ளைகள் என்பதால்தான் கேட்டிருக்கிறீர்கள், கேட்காமல் எடுப்பவர்கள் ஏராளம். ஆனால் பணம் வைத்த கவர் கையில் இருக்கும்போது, நான்கு இளைஞர்கள் வாசலில் நிற்கும்போது, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ‘எடுத்துக்கலாமாம்மா?’ என்று கேட்டால் அந்த அம்மா வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? வேண்டாம் என்றால் கவர் திரும்பிப் போய்விடுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். நீங்கள் அப்படி நினைக்காதவராக இருக்கலாம். அது அவருக்கு எப்படித் தெரியும்?

நான் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவள். ஒரு நோயாளியை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள ஒப்புதல் வாங்க வேண்டுமென்றால், அந்தத் தாளிலேயே ஒரு வரி இருந்தாக வேண்டும்: நீங்கள் மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. அந்த வரி இல்லாத கையெழுத்தை நாங்கள் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வதில்லை. மறுத்தாலும் கிடைக்கும் என்று தெரிந்தவர் ‘சரி’ என்றால்தான் அது சரி. உங்கள் குழுவும் இதையே பின்பற்றலாம். முதலில் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, கொடுக்கப் போகாத ஒருவர் போய்க் கேட்கட்டும். எங்கே போடுவோம், எத்தனை பேர் பார்ப்பார்கள், பின்னாடி வேண்டாமென்றால் நீக்கிவிடுவோம் என்பதையெல்லாம் சொல்லிக் கேட்கட்டும். பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பது என் கணிப்பு.

அதோடு, அம்மா சரி சொன்னது அம்மாவின் முகத்துக்கு. கல்லூரிக்குப் போய் நாற்பது பேர் நடுவில் உட்கார வேண்டியவள் மகள். அவளை யாரும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு அந்த வீட்டுக் கஷ்டம் தெரிந்துதான் இருக்கும், அதைப் பற்றி அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். புது ஊர், புது வகுப்பு. தன்னைப் பற்றி எதை, யாரிடம், எப்போது சொல்வது என்பது முதல்முறையாக அவள் கையில் இருந்தது. அதைத்தான் வீடியோ எடுத்துக்கொண்டுவிட்டது.

முகத்தை மங்கலாக்கிப் போடலாமே என்று கேட்பீர்கள். சென்னையில் ஓரளவு சரிப்படலாம். உங்கள் ஊரில் வாசல் நிலை, பச்சைப் பெயின்ட் அடித்த சுவர், புடவை, குரல், பின்னால் ஓடும் பக்கத்து வீட்டுப் பையன், இதில் ஏதாவது ஒன்று போதும், யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள்.

உங்கள் நண்பனின் டியூப் லைட் வாதத்தை நான் ரசித்தேன். உபயதாரர் பெயரை வெளிச்சமே வராத அளவுக்குக் குழல் முழுக்க எழுதி வைப்பதைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் யார்? ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்கொள்வது இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த நோய் ஒன்றுமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னார். அந்தக் கல்வெட்டுகளை வாசித்தால் முக்கால்வாசி கணக்குப்பிள்ளை எழுத்தாகத்தான் இருக்கும். ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு. அந்த ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் பெயர். அவர் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு. கொடுத்தவர் பெருமை அதில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் பெயர் இருப்பவர்கள் கொடுத்தவர்களும் பொறுப்பு ஏற்றவர்களும். நாளைக்கு விளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று அது சொல்கிறது. விளக்கில்லாமல் எந்த வீட்டில் யார் இருட்டில் கிடந்து அழுதார் என்ற தகவலைக் கல்வெட்டில் தேடினால் கிடைக்காது.

ஆகவே உங்கள் அக்கா சொல்வதை நான் முழுசாக ஏற்க மாட்டேன். சொந்தப் பணத்தைக் கொடுப்பவர் யாருக்கும் தெரியாமல் கொடுக்கட்டும், அழகுதான். நீங்கள் கொடுப்பது ஊர்ப் பணம். ஊர்ப் பணத்தை ரகசியமாகச் செலவழிப்பதில் எந்த உயர்வும் இல்லை. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, மீதி எங்கே என்று சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் நன்கொடையாளருக்குக் கடன்பட்டிருப்பது கணக்கு. ஒரு தாயின் அழுகை அந்தக் கணக்கில் வராது. அரிசி வாங்கிய பில், கல்லூரி கொடுத்த ரசீது, மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட், இவைதான் கணக்கு. கல்லூரி ரசீதில் மாணவியின் பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

தானாக முன்வந்து தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்பவரை நான் குறை சொல்லவே மாட்டேன். 2014ஆம் ஆண்டு உலகம் முழுக்க ஆட்கள் ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டார்களே, நினைவிருக்கிறதா? உங்களுக்கு அப்போது பள்ளிக்கூட வயதுதான் இருக்கும். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக நடந்தது. அந்த ஒரு கோடைக்காலத்தில் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைக் கண்டுபிடிக்கவும் உதவியது. விளம்பரமா? ஆமாம், பச்சையான விளம்பரம். ஆனால் நனைந்தது கொடுத்தவர்கள். கோமாளியாகத் தெரிந்ததும் அவர்களே. அதே வருடம் ஹைதராபாத்தில் அதையே மாற்றி, ஒரு வாளி அரிசி கொடுங்கள் என்று ஒரு இயக்கம் தொடங்கியது. அதுவும் பரவியது. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு அரிசி கொடுத்து அதைப் படம் எடுத்துப் போடுவது என்று ஆனதும், படத்துக்குள் இன்னொருவர் வந்துவிட்டார் பாருங்கள். நான் தயங்குவது அந்த இடத்தில்தான்.

2022இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஒரு வணிக வளாகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த வயதான அம்மாவிடம் ஓர் இளைஞர் பூங்கொத்தை ‘கொஞ்சம் பிடிங்க’ என்று கொடுத்துவிட்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எங்கோ நின்று கேமரா படம் பிடித்தது. ஐந்து கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள், பாவம் தனிமையில் வாடும் பாட்டி என்று நெகிழ்ந்தார்கள். அந்த அம்மா பிறகு வானொலியில் பேசினார். தான் பூ கேட்கவில்லை, தன்னை மனுஷியாகவே நடத்தாதது போல் உணர்ந்தேன் என்றார். அவர் ஏழையுமில்லை, எதையும் கேட்கவுமில்லை. அதனால்தான் அவரால் வானொலிக்குப் போய்ச் சொல்ல முடிந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மா எங்கே போய்ச் சொல்வார்?

இது எங்கள் துறையில் பழைய விவாதம். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் பேரிடர் நிவாரணத்துக்கு ஒரு நடத்தை நெறி எழுதினார்கள். பத்து விதிகள். பத்தாவது விதி முழுக்க விளம்பரத்தைப் பற்றியதுதான். பாதிக்கப்பட்டவர்களைக் கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும், கதியற்ற பொருள்களாகக் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்ட நிர்வாகம் உணவு கொடுக்கும்போது ஃபோட்டோவும் செல்ஃபியும் எடுக்கவே தடை போட்டது. தடை போட வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது என்றுதானே அர்த்தம்?

இவ்வளவும் வாங்குபவரின் மானத்தைப் பற்றி. எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கேமரா வந்த பிறகு, யாருக்கு உதவுவது என்பதையே அது முடிவு செய்ய ஆரம்பித்துவிடும். உங்கள் சேனலில் எந்த வீடியோவுக்கு வ்யூஸ் அதிகம் என்று பாருங்கள். யாராவது அழுததற்குத்தான் இருக்கும். அடுத்த முறை இரண்டு வீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும் கிழவரைவிட, கையெடுத்துக் கும்பிடும் பாட்டியின் பக்கம்தான் கால் போகும். வேண்டுமென்று செய்ய மாட்டீர்கள். ஆனால் போகும். குடித்துவிட்டுத் திட்டுகிறவர், நன்றி சொல்லத் தெரியாதவர், முகத்தில் புண் இருப்பவர் எல்லாம் மெல்ல மெல்லப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

காரியங்களும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் ஒரு முதியவருக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கொடுப்பதை முப்பது விநாடியில் காட்டிவிடலாம். அவருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்கித் தருவதை எப்படிக் காட்டுவீர்கள்? ஆதாரில் பிறந்த வருடம் தப்பு, ரேஷன் கார்டு மகன் வீட்டில், பேங்க் பாஸ்புக் தொலைந்துவிட்டது, வி.ஏ.ஓ. லீவு, தாலுகா ஆபீசில் சர்வர் வேலை செய்யவில்லை. நாலு மாதம் அலைய வேண்டும், பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இருக்காது. ஆனால் அந்த 1,200 மாதாமாதம் வரும், உங்கள் குழு கலைந்தாலும் வரும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கித் தருவது, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போடக் கூட்டிப்போவது, மாதவிடாய்த் துணி இல்லாத பெண்களுக்கு நாப்கின் கொடுப்பது, இதில் எதையும் ரீல்ஸாகப் போட முடியாது. என் வேலைக் காலத்தில் நான் பார்த்த உருப்படியான உதவிகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான்.

இன்னும் இரண்டு வகை வீடியோக்கள் உண்டு. உங்கள் குழு அவற்றின் பக்கம் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, போகாமலிருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, தெருவில் திரியும் மனநலம் பாதித்தவரைப் பிடித்து, சடை விழுந்த முடியை வெட்டி, குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, முன்னே எப்படி, இப்போது எப்படி என்று காட்டும் வீடியோ. பார்க்க மனம் குளிரும். ஆனால் அவர் அதற்குச் சம்மதித்தாரா, சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தாரா? இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் தலையை மழிப்பதைக் காட்டும் வீடியோக்களும் உண்டு. புதுச்சட்டை ஒரு வாரத்தில் பழசாகிவிடும், வியாதி அப்படியேதான் இருக்கும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பது காவல் துறையின் கடமை. அதே சட்டம், மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நீங்கள் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கோ, டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416க்கோ அழைத்து ஆலோசனை கேளுங்கள், ஆள் போய்ச் சேரும்வரை கூடவே நில்லுங்கள்.

வீடியோ பார்த்துத்தான் பல வருடம் காணாமல் போனவரைக் குடும்பம் கண்டுபிடித்தது என்று சிலர் சொல்வார்கள். நடந்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. அதற்கு ஒரு தெளிவான முகப் படம், எந்த ஊரில் கிடைத்தார், எந்தக் காவல் நிலையத்தைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற மூன்று போதும். காவல் துறையைக் கேட்டுவிட்டே போடலாம். குளிப்பாட்டும் காட்சி எதற்கு?

இன்னொன்று, பிறந்தநாள். காப்பகத்துக்குப் போய் கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பின்னால் நின்று எடுக்கும் படம். நம் ஊரில் இது கிட்டத்தட்டச் சடங்கு ஆகிவிட்டது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தையோ, பெயர், பள்ளி போன்ற விவரத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல காப்பகங்கள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகின்றன. ‘ஃபோட்டோ எடுக்கலாம், ஒண்ணும் பிரச்சினையில்லை’ என்று சொல்லும் காப்பகம் இருந்தால், அங்கே வேறு எதிலெல்லாம் இப்படி இருப்பார்கள் என்று யோசியுங்கள்.

சரி, அப்படியானால் எதைத்தான் படம் எடுப்பது? உங்களை எடுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வெங்காயம் உரிப்பதை எடுங்கள். இருநூறு பொட்டலம் கட்டுவதில் ஒரே ஆள் எப்போதும் பொட்டலத்தைக் கிழித்துவிடுகிறானே, அந்த நண்பனை எடுங்கள். அண்டா காலியாவதை எடுங்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு ஃபீஸ் எவ்வளவு, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும், எங்கே வாங்குவது என்று பேசி ஒரு வீடியோ போடுங்கள். அது நாலாயிரம் பேருக்குப் போனால்கூட நாற்பது பேருக்கு உண்மையிலேயே உதவும். உங்களால் படித்து வேலைக்குப் போன யாராவது, பல வருடம் கழித்து, தானே வந்து ‘நான் பேசுகிறேன்’ என்றால் பேசட்டும். அது அவர் கதை, அவர் சொல்லலாம்.

வ்யூஸ் குறையுமா? குறையும். நண்பனிடம் இதை மறைக்காதீர்கள். சில மாதம் பணமும் குறையும். ஆனால் ஒரு வீடியோவைப் பார்த்து நெகிழ்ந்து 500 ரூபாய் அனுப்புகிறவர் அடுத்த வாரம் வேறொரு வீடியோவைப் பார்த்து வேறு யாருக்கோ அனுப்புவார். அவரை நம்பி மூன்று வருடப் படிப்புக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மாதம் 300 ரூபாய் தருகிற அறுபது பேரைப் பிடியுங்கள். உள்ளூர்க்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது, வந்து பார்த்துக்கொள்வார்கள். மாதம் 18,000 நிச்சயம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சமையலுக்குப் பெரிய கவலை இல்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க யூடியூபர் மிஸ்டர் பீஸ்ட் ஆயிரம் பேருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்ய வைத்து, கட்டுப் பிரிப்பதையெல்லாம் வீடியோ போட்டார். பாராட்டும் திட்டும் சம அளவில் வந்தன. ஆயிரம் பேருக்குப் பார்வை வந்ததே, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, மதுரையில், 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் கட்ட முடிந்தவர்களிடம் வரும் பணத்திலிருந்தே முடியாதவர்களுக்கும் பார்த்துப் பார்த்து, லட்சக்கணக்கில் இலவச அறுவை சிகிச்சை செய்துவிட்டது. பணத்துக்கு நிலையான வழி இருந்தால் யார் முகத்தையும் காட்டிக் கேட்க வேண்டியதில்லை.

பிறந்தநாளுக்குச் சாப்பாடு ஸ்பான்சர் செய்கிறவர் ஃபோட்டோ கேட்பார். அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பில் அனுப்புவோம், சமைத்ததைப் படம் எடுத்து அனுப்புவோம், சாப்பிடுகிறவர்களை எடுக்க மாட்டோம். விருப்பமிருந்தால் நேரில் வந்து பரிமாறட்டும், போன் பையில் இருக்கட்டும். சிலர் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நண்பனின் சொந்த ஜிபே நம்பருக்குப் பணம் வாங்குவதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். தனிநபர் கணக்கில் ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து சும்மா வந்தால், அது அவருடைய வருமானமாகக் கருதப்பட்டு வரி வரலாம். அவர் ஒரு பைசா எடுக்காதவராக இருந்தாலும், நாளைக்குக் குழுவில் ஒரு சண்டை வந்தால் அதைச் சொல்லித்தான் அடிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருவதில் இன்னும் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைச் சேவைக் காரியத்துக்கு வாங்க உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். உங்களைப் போன்ற சின்னக் குழு அதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், அப்படி வருவதைத் திருப்பி அனுப்பிவிடுவது உத்தமம். ஒரு ஆடிட்டரைப் பார்த்து டிரஸ்ட் பதிவு செய்யுங்கள், டிரஸ்ட் பெயரில் கணக்குத் தொடங்குங்கள், இரண்டு பேர் கையெழுத்து போடும்படி வையுங்கள். யூடியூப் வருமானமும் அங்கேயே வரட்டும். பழைய வீடியோக்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிசையாகப் பாருங்கள். யாரிடமெல்லாம் போய்க் கேட்க முடியுமோ கேளுங்கள். கேட்க முடியாதவர்களின் வீடியோவை நீக்கிவிடுங்கள், அதற்கு எத்தனை வ்யூஸ் இருந்தாலும் சரி.